புதுப்பிப்பு: 1974 ஸ்பிரைட் ஆல்பைன் கேரவன் விற்றாகிவிட்டது

இங்கிலாந்தில் பத்திரமாக வைத்திருந்த 1974 ஸ்பிரைட் ஆல்பைனை (காரில் இழுத்துச் செல்லும் கேரவன், அதாவது சக்கர வீடு) எங்கே, எப்படி விற்பது என்று கேட்டிருந்தேன். விற்றாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பொது விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் பாதி விலைதான் பேசினார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு காபிக் கடை வைக்கப் போகிறார்களாம்! பழைய கேரவன் பிரியர்களின் சங்கத்தில் சொல்லிவைக்கும் யோசனைதான் பலித்தது. அதோடு, மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் ஈரமானியை (சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து, எண் தெரியும்படி படமெடுக்கச் சொன்னீர்களே, அதுவும். எங்கும் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. வாங்கியவர் பேரமே பேசவில்லை.

கேரவன் பதிவுத் திட்டம் 1992-இல்தான் வந்தது என்பதால் இதற்குப் பதிவுத் தாள் கிடையாது. சேசிஸ் எண்ணோடு இருவரும் கையெழுத்திட்ட ரசீதே போதுமானதாக இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: வாங்கியவர் காரில் கேரவன் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் 13 முனை சாக்கெட், கேரவனிலோ பழைய 7 முனை பிளக். அடாப்டர் வாங்கி வந்து பின்விளக்கு எரிந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அப்புறம், டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணையும் குனிந்து பார்த்தார் (2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்). தேயாத டயரானாலும் வயதானால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், விற்குமுன் பார்த்துவிடுங்கள்.