ஆடுகிற பல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பெரம்பூர் மகள்:
அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் இருந்த முருங்கைக்காயைக் கடித்து இழுத்தார். கீழ் முன்பல் இரண்டும் காயோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து, திரும்பப் போய் நின்றன. எதிரே உட்கார்ந்து நான் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காயைத் தட்டு ஓரமாக வைத்துவிட்டு ரசம் சாதம் பிசைய ஆரம்பித்தார். முறுக்கைக் காபியில் நனைத்தே தின்பாரே, அது ருசிக்காக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லாக எண் சொன்னார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லையாம். அப்பாவுக்கு 7, 8 என்று வந்தது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரைந்திருக்கிறது. வலியே இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்கிறது.

தாம்பரம் ரயில் பயணி:
எனக்கு நேர்மாறு. பல் கெட்டியாகத்தான் இருந்தது. க்ளீனிங் செய்யச் சொன்னார்கள், செய்தேன். மறுநாள் காலை பீச் ரயிலில் நின்றுகொண்டு நாக்கால் தள்ளினால் கீழ்ப்பல் அசைகிறது! பல்லுக்குப் பல் இடைவெளி வேறு. காசு கொடுத்துப் பல்லை ஆட வைத்துக்கொண்டேன். என்னைக் கேட்டால் க்ளீனிங் பக்கமே போகாதீர்கள்.

ராயபுரம் 58:
தாம்பரம் நண்பரே, கோபிக்காதீர்கள், நீங்கள் சொல்வது தப்பு. இதைப் படித்து நாலு பேர் போகாமல் இருந்துவிடக் கூடாது. உங்கள் பல் முன்பே பிடிப்பு விட்டிருக்கும். பல்லுக்கு நடுவில் படிந்த அழுக்கு காரையாகிக் கல் மாதிரி இறுகி, சிமெண்ட் பூசியதுபோல் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் தெரிந்தது, அவ்வளவுதான். காரை இருக்கும்வரை ஈறு வீங்கித்தான் இருக்கும், எலும்பு கரைந்துகொண்டேதான் போகும். சுத்தம் செய்த பிறகு வீக்கம் வடிந்தால் கொஞ்சம் ஆட்டம் தானாகவே குறையும். எனக்குக் குறைந்தது.

நான் முப்பது வருடம் சிகரெட் பிடித்தவன். ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை, அதனால் பல் நன்றாக இருக்கிறது என்று நம்பினேன். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ரத்தம் வராமல் நோய் மறைந்தே இருக்குமாம். கடைவாய்ப்பல் ஒன்று கையோடு வந்த அன்றுதான் இது தெரிந்தது.

பெரம்பூர் தங்கைக்கு: அப்பாவுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரையும் இறங்காது. போன எலும்பு தானாக வளராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் எல்லாம். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு கம்பி வைத்து ஒட்டிக் கட்டுவார்கள், கேட்டுப் பாருங்கள். உப்பும் கரியும் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். மென்மையான பிரஷ், இரவிலும் ஒரு முறை, பல் இடுக்குக்குத் தனியாகச் சின்ன பிரஷ். விரலால் ஆட்டிப் பார்க்கவே கூடாது.

வேளச்சேரி நைட் ஷிஃப்ட்:
எல்லோருக்கும் ஈறு நோய்தான் என்றில்லை. எனக்கு வயது 34, ஈறு சுத்தம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று மனைவி போனில் பதிவு செய்து காட்டினாள். கல்லை அரைக்கிற சத்தம். அது என் வாயிலிருந்து வந்தது என்று நம்பவே முடியவில்லை. இப்போது பல்லுக்கு உறை போட்டுத் தூங்குகிறேன். பல் கெட்டியாகிவிட்டது.

தாம்பரம் ரயில் பயணி:
ராயபுரம் சார், க்ளீனிங்குக்கு முன்னால் எனக்கும் பிரஷ்ஷில் ரத்தம் வரும். ஒரு வருடமாகவே வந்தது. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எங்கே காட்டினீர்கள்?

ராயபுரம் 58:
அரசு பல் மருத்துவமனையில்தான். நீங்கள் போகிற ரயிலிலேயே கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே. ஈறு சிகிச்சைப் பிரிவு என்று கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

பெரம்பூர் மகள்:
அப்பாவுக்கு ஒரு பல்லை எடுத்தாயிற்று, மற்றதைக் கட்டியிருக்கிறார்கள். நேற்று முருங்கைக்காயை வேகவைத்து, சதையை மட்டும் கரண்டியால் வழித்துச் சாம்பாரில் போட்டேன். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.