அயர்லாந்து ஆற்றங்கரை, காட்டுப்பாதை: ‘சுலபம்’ என்று போட்ட வழியில் எதிர்ப்பட்டவை

கரைநடை:
கிரெய்க்நமானாவிலிருந்து செயின்ட் மல்லின்ஸ், பாரோ ஆற்றோரம். 6 கி.மீ., மேடே கிடையாது. பாலத்தைத் தாண்டி டின்னஹிஞ்ச் பக்கம் இறங்கி, ஆறு ஓடுகிற திசையிலேயே போக வேண்டியதுதான். வழி எல்லாருக்கும் தெரியும், நான் எழுத வந்தது அன்னத்தைப் பற்றி. மே கடைசியில் டோபாத் (அந்தக் காலத்தில் குதிரை படகை இழுத்துப் போன கரைப்பாதை) நடுவிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும். சாம்பல் நிறத்தில் ஐந்தாறு குஞ்சு. ஆண் பறவை எழுந்து, இறக்கை இரண்டையும் முதுகுக்கு மேலே வளைத்து, கழுத்தைப் பின்னுக்கு இழுத்துச் சீறும். ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் ஆறு. வருகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றோரமாக ஒதுங்கித் தாண்டப் பார்க்கிறார்கள். குஞ்சுக்கும் தண்ணிக்கும் நடுவில் ஆள் நுழைந்தால்தான் அது பாயவே செய்யும். இருபது அடி பின்வாங்கி வேலி ஓரமாக நின்றால், கொஞ்ச நேரத்தில் தானாகவே தண்ணியில் இறங்கிவிடும். அவசரம் என்றால் வேலியை ஒட்டிப் போகலாம், ஓடக் கூடாது.

ஆட்டி ரயில்:
அன்னம் பரவாயில்லை, அதே பாதையில் தண்ணியைப் பார்த்திருக்கிறீர்களா? மழை நின்று வெயில் அடிக்கிறது, வானம் சுத்தம், ஆனால் லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) தாண்டியதும் பாதை இல்லை. புல்லும் ஆறும் ஒரே பழுப்பு. பாரோ பிறப்பது ஸ்லீவ் ப்ளூம் மலையில், நீளம் 192 கி.மீ. மேலே பெய்த மழை நிதானமாகத்தான் கீழே வந்து சேரும், வந்தால் நிதானமாகத்தான் வடியும். அதனால் அன்றைய வானிலையைப் பார்த்து மட்டும் கிளம்பக் கூடாது. ஓ.பி.டபிள்யூ. (அரசுப் பொதுப்பணி அலுவலகம்) நீர்மட்ட இணையதளத்தில் அளவுமானி வாரியாகக் கோடு போட்டுக் காட்டும். கோடு ஏறுமுகமா இறங்குமுகமா என்று பாருங்கள், அதுவே போதும்.
கணுக்கால் ஆழம்தானே என்று இறங்குவதுதான் பெரிய தப்பு. கரையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. அலை அரித்த இடத்தில் புல்லுக்கு அடியில் மண்ணே இருக்காது, கால் வைத்தால் சரிந்துவிடும். தடுப்பணைக்கு மேல்புறக் கரையில் என்றால் இன்னும் மோசம். பாதை முங்கிய இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

மழைக்கோட்டு:
கரைநடை எழுதியது சரி, ஆனால் “மேடே கிடையாது” என்று படித்துவிட்டு ஆட்கள் கேன்வாஸ் ஷூவோடு போய் நிற்கிறார்கள். நடைபாதைத் தரவரிசையில் சுலபம் என்று போட்டால் ஏற்றம் குறைவு, தரை ஓரளவு சமம், அவ்வளவுதான். ஈரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கார்லோ பக்கத்தில் டோபாத் பெரும்பாலும் புல். ஜூலையில்கூடக் காலைப் பனி காய மதியம் ஆகிவிடும், துணி ஷூ அரை மணியில் நனைந்து, இரண்டாவது மணியில் குதிகால் கொப்புளம். தோல் பூட்ஸ் அல்லது நீர் புகாத ஷூ, கம்பளிக் காலுறை, பையில் இன்னொரு ஜோடிக் காலுறை. பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது.
குழந்தைத் தள்ளுவண்டி கொண்டு வருகிறவர்களுக்கும் இதேதான். சின்னச் சக்கரம் புல்லில் சிக்கும். ஆட்டி (Athy) ஊருக்கு வடக்கே லோடவுன் வரையிலான 46 கி.மீ. ப்ளூவே (நீர்வழியோர நடை, மிதிவண்டிப் பாதை) திட்டத்தில் வருகிறது, கெட்டியான தரை போடுவது அந்தப் பக்கம்தான். தெற்கே புல்லை எடுத்துவிட்டுச் சரளை கொட்டும் யோசனைக்கு உள்ளூரில் கடும் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். புல்லில் நடந்தால் முழங்கால் வலிக்காது, மிதிவண்டி மணிச் சத்தமும் இருக்காது.

ஆட்டி ரயில்:
முழங்கால் நல்லா இருக்கிறவங்க பேசுற பேச்சு அது. சக்கர நாற்காலியில் வர்றவங்களுக்கு உங்க புல்லால் என்ன பிரயோசனம்?

மழைக்கோட்டு:
அதற்குத்தான் வடக்குப் பகுதி இருக்கிறதே. முழு ஆற்றுக்கும் ஒரே தரை எதற்கு?

யாழ்_லிமெரிக்:
நீங்கள் இரண்டு பேரும் பிறகு சண்டை பிடியுங்கோ. ஆற்றங்கரையில் ஆளை விட உயரமாக, குடை விரிச்ச மாதிரி வெள்ளைப் பூவோடு ஒரு செடி நிற்கும், ஜயண்ட் ஹாக்வீட். பிள்ளைகள் அதின்ர தண்டை முறிச்சுக் குழல் மாதிரி ஊதப் பார்க்கும், அதுதான் பயம். சாறு பட்டவுடன் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தீப்பட்டது போலக் கொப்புளிக்கும், தழும்பு கனகாலம் நிற்கும். அடையாளம்: தண்டில் ஊதா நிறப் புள்ளிகளும் சொரசொரப்பான மயிரும், இலை ஆழமாகக் கிழிஞ்சு கூராக இருக்கும், உயரம் 5 மீட்டர் வரைக்கும் போகும். சாதாரண ஹாக்வீட் 2 மீட்டருக்கு மேலே வராது. பட்டால் உடனே சவர்க்காரமும் தண்ணியும் போட்டுக் கழுவி, அந்த இடத்தை 2 நாளைக்கு வெயில் படாமல் மூடி வையுங்கோ. கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். இங்கே முல்கேர் ஆற்றில் இதை அழிக்கவென்றே ஒரு திட்டம் நடந்தது.
காஞ்சோண்டி மாதிரிக் கடிக்கிற நெட்டில் வேறை. அது அரை நாளில் போயிடும்.

கிளெண்டலாக்_ரசிகை:
ஆறு போதும், காட்டுக்கு வருவோம். கிளெண்டலாக் மேல் ஏரி. பூலனாஸ் அருவிப் பக்கம் குழந்தைகளோடு ஏறியவர்கள், ரயில் கட்டைகளை அடுக்கிய படிக்கட்டில் மூச்சிரைத்து நிற்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். அது ஸ்பிங்க் என்கிற மலைமுகட்டுக்குப் போகிற வழி, வெள்ளை அம்பு. 600-க்கும் மேற்பட்ட படிகள். அவர்கள் தேடி வந்தது ஊதா அம்பு, மைனர்ஸ் ரோடு. ஏரியின் வடகரையோரமாகவே பழைய ஈயச் சுரங்க ஊர் இடிபாடு வரை போய்த் திரும்ப 5 கி.மீ., கிட்டத்தட்டச் சமதளம். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் பச்சை, கிரீன் ரோடு, 3 கி.மீ.
ஏன் குழப்பம் வருகிறது? வேறு இடங்களின் லூப் நடைகளில் (கிளம்பிய இடத்துக்கே சுற்றி வரும் பாதைகள்) பச்சை சுலபம், சிவப்பு கஷ்டம் என்று பழகி வருகிறார்கள். இங்கே ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம், நிறத்துக்கும் கஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. பலகையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள், பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது.

நாலுகால்_துணை:
கரைநடை, அன்னத்துக்கு வேலி ஓரம் என்கிறீர்கள். கையில் நாய் இருந்தால் அது பலிக்காது. நாயைப் பார்த்ததும் ஆண் அன்னம் விலகாது, தொடர்ந்து வரும். நாயோடு வந்தால் திரும்பிப் போவதே வழி.
யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் நாய் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் அடுத்தவர் நிலத்தில் நடக்கிற உரிமை என்று பொதுவாகப் பெரிதாக எதுவும் கிடையாது. மஞ்சள் அம்பும் நடக்கும் மனிதன் படமும் அடையாளமாகப் போட்ட பாதைகள் பல, நிலத்துக்காரர் அனுமதித்ததால் திறந்திருப்பவை. “நாய் கூடாது” என்று பலகை இருந்தால் அது யோசனை இல்லை, நிபந்தனை. நாலு பேர் மீறினால் அவர் மொத்தப் பாதையையும் மூடிவிடலாம். அனுமதி உள்ள இடத்திலும் வார் 2 மீட்டருக்குள். நீண்டு சுருங்குகிற வார் வேண்டாம், புதரில் சுற்றிக்கொள்ளும்.
மாடு நிற்கிற வயலில் கன்று எங்கே என்று முதலில் பாருங்கள். வசந்தத்தில் ஈன்ற பசு மனிதனை விட்டுவிட்டு நாயைத்தான் குறி வைக்கும். சுற்றி வந்து மூக்கை நீட்டுகிற காயடித்த இளம் காளைகள் வேடிக்கை பார்க்க வருபவை, நிதானமாக நடந்தால் பின்னாலேயே வந்து நின்றுவிடும். உண்மையிலேயே பாய்ந்தால் வாரை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துவிடும், வாரைப் பிடித்திருப்பவர்தான் மிதிபடுவார். கேட் மூடியிருந்தால் மூடியே விடுங்கள், திறந்திருந்தால் திறந்தே. வேலியில் மெல்லிய வெள்ளைக் கயிறு தெரிந்தால் அது மின்வேலி.

கிளெண்டலாக்_ரசிகை:
நாய் என்றதும் ஞாபகம் வந்தது, உண்ணி. மான் நடமாடுகிற புதர்ச்செடிக்குள் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை இருக்கும். வீடு வந்ததும் முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் பாருங்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். வாசலின் தடவுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் கூடாது. 3 முதல் 30 நாளுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தால் டாக்டரிடம் போங்கள்.

மழைக்கோட்டு:
ஒன்று விட்டுப்போச்சு. குயில்ச்சா (அரசு வன நிறுவனம்) காடுகளில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பல இடங்களில் தடுப்புக் கேட் உண்டு, மூடும் நேரம் நுழைவாயில் பலகையில் இருக்கும். டிசம்பரில் நாலு மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும், காட்டுக்குள் அதற்கு அரை மணி முன்பே இருட்டு. கேட் மூடும் நேரத்திலிருந்து நடக்கும் நேரத்தைக் கழியுங்கள், இன்னும் ஒரு மணி கழியுங்கள், கிளம்ப வேண்டிய கடைசி நேரம் அதுதான்.

ஆட்டி ரயில்:
ரயிலில் வாங்க, கேட் கவலையே இல்லை. பேகனல்ஸ்டவுன் ஸ்டேஷனில் இறங்கினால் ஆறு நடக்கிற தூரம்தான். டைம்டேபிளில் ஐரிஷ் பெயர் மூனா பெக் (Muine Bheag) என்றும் போட்டிருக்கும், அதையும் தேடுங்க. அங்கிருந்து கிரெய்க்நமானா 26 கி.மீ. வழியில் ரயில் நிலையமே இல்லை, அதனால் பாதி தூரம் போய் அதே கரையில் திரும்புற மாதிரி திட்டம் போடுங்க.