பழைய ஸ்வீடன் பித்தளை விளக்கு: எரியவில்லை, ஆனால் தொட்டால் ஷாக் அடிக்கிறது

மால்மோவில் 50-களில் கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறேன். பழைய சாமான் சந்தையில் கூரையில் தொங்கவிடும் பித்தளை விளக்கு ஒன்று கிடைத்தது, மார்க்கரிட் ஊர் விளக்கு வடிவமைப்பாளர் ஹான்ஸ்-ஆக்னே யாகப்சன் லேபிள் உள்ளே ஒட்டியிருக்கிறது. ஒயர் மூன்று: சிவப்பு, கறுப்பு, சாம்பல். புது பிளக் வாங்கி சிவப்பை ஃபேஸிலும் கறுப்பை நியூட்ரலிலும் கொடுத்தேன், சாம்பலை எர்த் என்று நினைத்து டேப் சுற்றி விட்டுவிட்டேன். பல்பு எரியவில்லை, ஆனால் பித்தளையில் எங்கே வைத்தாலும் டெஸ்டர் எரிகிறது!

பதில் 1
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். நம் ஊரில் சிவப்பு என்றால் ஃபேஸ், ஆனால் ஸ்வீடனில் சுமார் 1970 வரை சிவப்புதான் எர்த். அதன் மறுமுனை விளக்கின் உடம்பிலேயே திருகியிருக்கும், நீங்கள் 230 வோல்ட்டை நேராகப் பித்தளையில் கொடுத்திருக்கிறீர்கள். கறுப்பும் சாம்பலும்தான் ஹோல்டருக்குப் போகும்.

கேட்டவர்
ஐயோ, ஆமாம், சிவப்பு மேல்மூடிக்குள் ஒரு திருகில் இருக்கிறது. இரண்டு தடவை வெறும் கையால் பிடித்தேன். சரி, கறுப்பையும் சாம்பலையும் மாற்றிக் கொடுத்தால் போதுமா?

பதில் 1
போதாது. அறுபது வருடத்து ஒயர், பல்பு சூட்டில் உறை காய்ந்து குழாய்க்குள் வெடித்திருக்கும். முழுக்க உருவிவிட்டு சூடு தாங்கும் புது மூன்று கோர் ஒயர் போடுங்கள், பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் உடம்புக்கு. மாட்டும் முன் மல்டிமீட்டரை ஒரு முனை பித்தளையிலும் மறுமுனையை ஹோல்டருக்குள் பல்பைத் தொடும் இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், தொடர்பு காட்டக் கூடாது. இன்னொன்று, அந்தக் காலத்து ஸ்வீடன் வரவேற்பறைகளில் எர்த்தே இருக்காது, கூரைப் பெட்டியில் இல்லையென்றால் அங்கே இந்த விளக்கை மாட்டாதீர்கள். சுவருக்குள் கை வைப்பது பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் வேலை, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

பதில் 2
கழற்றும்போது புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! குத்துவிளக்கு இல்லை இது, மேலே வார்னிஷ் மாதிரி லாக்கர் பூச்சு இருக்கலாம், திட்டுத்திட்டாக உரியும். ஈரத்துணி போதும். பித்தளைத் தகடு பல்பைச் சுற்றி மூடியிருந்தால் உள்ளே சூடு தேங்கும், எல்இடி போடுங்கள். லேபிளில் டி என்று தொடங்கும் மாடல் எண் என்ன?

கேட்டவர்
ஒயர் உருவியாயிற்று, நீங்கள் சொன்னது போலவே தொட்டதும் உறை பொடியாக உதிர்ந்தது. கூரையில் எர்த் இல்லை, எலெக்ட்ரீஷியன் வரும்வரை விளக்கு சாப்பாட்டு மேசையில்தான். லேபிளில் டி மட்டும் தெரிகிறது, எண் இருந்த மூலை கிழிந்திருக்கிறது.