அம்மாவின் முட்டியும் டவுன் பஸ் படியும்

அம்மாவுக்கு 67 வயதில் இரண்டு முட்டியும் மாற்றினோம். எல்லாரும் ஆபரேஷனைத்தான் நினைத்துப் பயப்படுவார்கள். உண்மையான கஷ்டம் அதற்கு அப்புறம்தான். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். முட்டி 90 டிகிரியாவது மடங்க வேண்டும், முதல் சில வாரம் வலிக்குப் பயந்து விட்டுவிட்டால் இறுகிப்போகும் என்று பிசியோதெரபி பெண் சொன்னார்.

அம்மா மனதில் ஒரே கணக்கு: தை மாதம் பெரியகுளம் பஸ்ஸில் தானே ஏறித் தங்கச்சியைப் பார்க்கப் போக வேண்டும். காலை மடக்கும்போதெல்லாம் "பஸ் படி இம்புட்டு ஒசரம் இருக்குமாம்மா?" என்று கேட்பார். ராத்திரி வலியில் அழுவார். விடிந்ததும் மறுபடி மடக்குவார். தையில் ஏறிவிட்டார், நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த இன்னொரு அம்மாவுக்கும் அதே வாரம் அதே ஆபரேஷன். "இனி நான் நடந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கடைசியில் முட்டி இறுகி, மறுபடி மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியதாயிற்று. அப்போது எனக்கு அவர் மேல் கோபம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கணவர் தவறியிருக்கிறார், பயிற்சி நேரத்தில் கூட நிற்க ஆளில்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

•

அக்கா, நீங்கள் கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "தைரியமா இருங்க, சரியாயிடும்" என்றார்கள். அடுத்த ஸ்கேன் மோசமாக வந்த அன்று அப்பா கேட்டார்: "நான் சரியா தைரியமா இல்லையோப்பா?"

2007-ல் வெளியான ஓர் ஆய்வில் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரைக் கவனித்திருக்கிறார்கள். மனநிலைக்கும் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவிடம் சொல்ல அவர் அப்போது இல்லை.

ஆனால் மனசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 33 நாள் ரேடியேஷனில் ஒரு நாளும் அவர் தவறவிடவில்லை. திரும்பும் வழியில் ஆட்டோவை டீக்கடையில் நிறுத்தி, டீ குடிக்க முடியாவிட்டாலும் பேப்பரை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்த அரை மணி நேரத்துக்காகவே காலையில் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்.

•

தம்பி, அப்பா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். என் சித்தப்பாவுக்கு இப்போது கீமோ நடக்கிறது. போன வாரம் நானும் அதே "தைரியமா இருங்க"வைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குச் சதுரங்கம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை பலகையை எடுத்துக்கொண்டு போகிறேன்.