‘இன்றியமையாத மதப் பழக்கம்’ சட்டத்தில் எங்கே இருக்கிறது?

(தாளடி, பழைய கட்டு, ஓரக்குறிப்பு: பேசும் மூவரின் புனைபெயர்கள்.)

தாளடி கேட்டது:
அரசமைப்புச் சட்டத்தில் மதச் சுதந்திரம் தரும் 25, 26-ஆம் பிரிவுகளை எத்தனை தடவை படித்தாலும் ‘இன்றியமையாத’ என்ற சொல் தென்படவில்லை. தீர்ப்புகளோ அதைச் சுற்றியே ஓடுகின்றன. இது எப்படி வந்தது?

பழைய கட்டு:
சட்டத்தில் இல்லைதான். உச்ச நீதிமன்றத்தின் 1954 சிரூர் மடம் வழக்கிலிருந்து தொடங்குங்கள். ஏழு நீதிபதிகள் அமர்வு. எதிர்க்கப்பட்டது, கோயில்களையும் மடங்களையும் ஒழுங்குபடுத்திய சென்னை மாகாணத்தின் 1951 அறநிலையச் சட்டம். மதத்தின் இன்றியமையாத பகுதியாக இல்லாத எதையும் ஒழுங்குபடுத்தலாம் என்றது அரசுத் தரப்பு. எது இன்றியமையாதது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்தே அறியவேண்டும் என்றது நீதிமன்றம். குறித்த வேளையில் படையல் வைக்கக் கோட்பாடு சொன்னால், காசு செலவாகிறது என்பதற்காக அது உலகியல் காரியமாகிவிடாது. ஆக, அன்று அது மதத்துக்குக் கேடயம்.

திருப்பம் 1961 அஜ்மீர் தர்கா வழக்கில். மூடநம்பிக்கையில் முளைத்து இடையில் ஒட்டிக்கொண்டவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதினார். கேடயம் சல்லடையானது அங்கேதான். சலிப்பவர் நீதிபதி! இந்த இரண்டையும் ஒரே சோதனையாக எழுதுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

ஓரக்குறிப்பு:
சல்லடைக்குப் போகுமுன் ஒன்று பாருங்கள்: கேட்பவர் தனிமனிதரா (பிரிவு 25), மதப்பிரிவா, அதாவது மதத்துக்குள் தனியாக இயங்கும் குழுவா (பிரிவு 26)? 25(1) மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது; 26-இல் அந்த வாசகம் இல்லை, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் மட்டுமே. அதனால்தான் எல்லோரும் 26-க்குள் நுழையப் பார்க்கிறார்கள். நுழைய மூன்றும் வேண்டும்: பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப் பெயர். பெண்கள் நுழைவு பற்றிய 2018 சபரிமலை வழக்கில் ஐயப்ப பக்தர்கள் தனி மதப்பிரிவல்ல என்று பெரும்பான்மை சொன்னதும் 26 கைநழுவியது. ஆனால் 26-உம் முழுக்கோட்டையல்ல. ஆலய நுழைவு என்று வந்தால், பொது இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்ற இடம் தரும் 25(2)(ஆ)-வே மேலோங்கும் என்று 1958 வெங்கடரமண தேவரு வழக்கு சொல்லிவிட்டது.

தாளடி:
அப்படியானால் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதம் பாடாத கேரள மாணவர்கள் 1986 வழக்கில் எந்தச் சோதனையில் தேறினார்கள்?

பழைய கட்டு:
அங்கே சல்லடையே இல்லை. நம்பிக்கை உண்மையாகவும் மனசாட்சியோடும் கொண்டதா என்று மட்டுமே நீதிபதி சின்னப்ப ரெட்டி பார்த்தார். பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாடவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. என் கணிப்பில் சிரூர் மடத்துக்கு நெருக்கமான தீர்ப்பு இதுதான்.

ஏழு பேர் தீர்ப்பான சிரூரை ஐவர் அமர்வு மாற்ற முடியாது. 2020-இல் மதச் சுதந்திரம் பற்றிய ஏழு கேள்விகள் ஒன்பது நீதிபதிகளிடம் போனதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.