கிளாரிஸ் கிளிஃப் 'க்ரோக்கஸ்' ஜாம் சாடியில் பழுப்புக் கறை: பிளீச் போடலாமா?

லெஸ்டர்வாசி:

வணக்கம். போன ஞாயிறு இங்கே கார் பூட் சந்தையில் (காரின் பின்பக்கத்தில் வைத்துப் பழைய பொருள் விற்கும் சந்தை) மூடியோடு ஒரு ஜாம் சாடி வாங்கினேன். கிளாரிஸ் கிளிஃப் என்ற அந்தக் காலத்து ஆங்கிலேயப் பாத்திர வடிவமைப்பாளரின் பெயர் போட்டது. ஆரஞ்சு, நீலம், ஊதா நிறங்களில் க்ரோக்கஸ் பூக்கள். மேலே மஞ்சள் பட்டை, கீழே பழுப்புப் பட்டை. அடியில் கறுப்பு முத்திரை இருக்கிறது. 'பிசார்', 'கிளாரிஸ் கிளிஃப்', 'நியூபோர்ட் பாட்டரி', 'இங்கிலாந்து' என்று படிக்க முடிகிறது.

உள்பக்கம் மெருகு (கண்ணாடி மாதிரியான மேல்பூச்சு) முழுக்க மயிர்விரிசல். பாதிக்குக் கீழே பழுப்பாகக் கறை ஏறியிருக்கிறது. வெந்நீர் பட்டால் பழைய எண்ணெய் வாடை வருகிறது. வெளியே ஒரு ஆரஞ்சுப் பூவில் நிறம் கொஞ்சம் உதிர்ந்து வெளிறித் தெரிகிறது. ராத்திரி முழுக்க பிளீச்சில் ஊறப்போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார் விற்றவர். போடலாமா? இது அசல்தானா? அசல் என்றால் இதில் ஜாம் வைத்துச் சாப்பிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூளைக்காரர்:

பிளீச் வேண்டவே வேண்டாம். முதலில் அந்தப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வையுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

இது பீங்கான் இல்லை, எர்தன்வேர், அதாவது சுட்ட மண் பாத்திரம். மேலே கண்ணாடி மாதிரி மெருகு இருந்தாலும் உள்ளே இருக்கும் மண் நீரை உறிஞ்சும். காலப்போக்கில் அந்த மண் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் வீங்கும், மெருகு அதோடு சேர்ந்து விரியாது. அதனால்தான் மயிர்விரிசல். அந்த விரிசல் வழியாகத்தான் எண்ணெயும் தேநீரும் உள்ளே போய்த் தங்கியிருக்கின்றன. வீட்டு பிளீச்சும் அதே வழியில்தான் போகும். கறை வெளுக்கும், உண்மைதான். ஆனால் பிளீச்சின் உப்பு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். காயும்போது அது படிகமாகி மெருகை உள்ளிருந்து தள்ளும். சில மாதம் கழித்து மெருகு செதில் செதிலாக உதிர ஆரம்பித்தால் நிறுத்த வழியே இல்லை.

கறையை எடுத்தே ஆக வேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, 3% அல்லது 6%, போதும். முடிக்குப் போடும் க்ரீம் வகை வேண்டாம், அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும். முதலில் சாடியை டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக ஊறவிடுங்கள். மண் நீர் குடித்துவிட்டால் கறை இன்னும் ஆழமாக இறங்காது. பிறகு பஞ்சை பெராக்சைடில் நனைத்து உள்பக்கம் மட்டும் ஒட்டி, காயாமல் இருக்க கிளிங் ஃபிலிம் போட்டு மூடி, அவ்வப்போது பஞ்சை மாற்றுங்கள். கையுறை அவசியம். வெளியே வண்ணம் இருக்கும் பக்கத்தில் படக் கூடாது. முடிந்ததும் நல்ல நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நிழலில் பொறுமையாகக் காயவிடுங்கள். வாடையும் பெரும்பாலும் இதிலேயே குறையும். எண்ணெய் வெளியே வரும் என்று ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும்: பழைய உடைப்பை யாராவது ஒட்டியிருந்தால் இது எதையும் செய்யாதீர்கள். முதலில் அதைப் பாருங்கள்.

பர்ஸ்லெம் பக்கம்:

அசலா என்பதற்கு முத்திரையை மட்டும் நம்ப முடியாது. போலிகளும் முத்திரையோடுதான் வருகின்றன. பூவைப் பாருங்கள்.

க்ரோக்கஸ் 1928இல் வந்த பூ அலங்காரம். நியூபோர்ட் பாட்டரி தொழிற்சாலையில் மீந்து கிடந்த, குறையுள்ள வெள்ளைப் பாத்திரங்களின் மேல் பளிச்சென்று வண்ணம் பூசி விற்றுப் பார்க்கலாம் என்றுதான் கிளாரிஸ் கிளிஃப்பின் 'பிசார்' பாத்திர வரிசை தொடங்கியது. க்ரோக்கஸ் அதற்கு அடுத்த அடி. ஒவ்வொரு இதழும் ஒரே இழுப்பு. அச்சு கிடையாது, கோடு போட்டு நிரப்புவதும் கிடையாது. பூவெல்லாம் முடிந்ததும் பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து, மெல்லிய பச்சை இலைகளைப் பூக்களுக்கு நடுவே இழுப்பார்கள். மஞ்சள் பட்டை வெயில், பழுப்புப் பட்டை மண். பட்டைகள் இரண்டையும் பாத்திரத்தைச் சுழலும் சக்கரத்தில் வைத்துப் போடுவார்கள். இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பள்ளி முடித்த கையோடு வேலைக்கு வந்த பெண்கள். அந்தக் கைகளின் வேகம்தான் எனக்கு இதில் எல்லாவற்றையும் விடப் பெரிது.

இப்போது ஜன்னல் ஓரம் போய் சாடியைச் சாய்த்துப் பாருங்கள். இதழ் ஒரு பக்கம் தடித்து, தூரிகை எடுத்த இடத்தில் மெலிந்து, தூரிகை முடிகளின் வரிகூடத் தெரிய வேண்டும். விரலை மெல்ல ஓட்டினால் வண்ணம் லேசாக மேடாகத் தட்டுப்படும். வண்ணம் மெருகுக்கு மேலே தீட்டிச் சுட்ட எனாமல் என்பதால்தான் அப்படி. எல்லாப் பூவும் ஒன்றை ஒன்று அச்சாக ஒத்திருந்தாலோ, வண்ணம் நீர்த்துப்போய்த் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள். வெட்ஜ்வுட் 1990களில் மறுபதிப்புகள் செய்தது. ஆனால் அவற்றில் வெட்ஜ்வுட் பெயர் வெளிப்படையாக இருக்கும்.

நிறம் உதிர்ந்த இடம் பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருக்கிறதா, சுண்ணாம்பு மாதிரி மங்கி இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. உதிர்ந்த இடம் பளபளப்பாக, தேன் கலந்த மாதிரி நிறத்தில் இருக்கிறது. இதழ்களில் வரி தெரிகிறது, ஆரஞ்சு கையில் நன்றாகவே தட்டுப்படுகிறது. இரண்டு பூக்கள் ஒரே மாதிரி இல்லை.

பழைய ஒட்டு ஏதாவது இருக்கிறதா என்று அலுவலக நண்பரிடம் புற ஊதா டார்ச் வாங்கி இருட்டில் அடித்துப் பார்த்தேன். சாடி முழுக்க ஒரே சீராக இருக்கிறது. மூடியின் விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வேறு மாதிரி ஒளிர்கிறது. பகலில் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை!

பர்ஸ்லெம் பக்கம்:

அப்படியென்றால் உதிர்ந்தது மேலிருந்த எனாமல் மட்டும். அடியில் மெருகு நலமாக இருக்கிறது. தேன் நிறம் அந்தத் தொழிற்சாலை மெருகுக்கே உரியது. சாடி அசல் என்றே எனக்குப் படுகிறது. உதிர்ந்த இடத்தில் வண்ணம் தீட்டிக்கொள்ளாதீர்கள், தீட்டச் சொல்லி யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம்.

மூடியின் விளிம்பு உடைந்து பிசின் வைத்துச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. இளம் பட்டை ஓடும் இடத்தில் இந்த வேலை நன்றாக மறைந்துவிடும். அந்த இடத்தை நகத்தால் லேசாகத் தட்டி, பக்கத்தில் நல்ல இடத்தையும் தட்டிப் பாருங்கள். பிசின் மந்தமாக, குளிர்ச்சி குறைவாக இருக்கும். விலையைக் குறைக்கும், ஆனால் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. விற்கும்போது கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சூளைக்காரர்:

மூடியை நீரிலும் ஊறவைக்காதீர்கள், பெராக்சைடிலும் வைக்காதீர்கள். பிசின் நெகிழும், நிறமும் மாறும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். நான் சொன்ன முறை சாடிக்கு மட்டும்.

மிட்லண்ட்ஸ் வாசகி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கறை உள்பக்கம்தானே? அலமாரியில் மூடி போட்டு வைத்தால் யார் கண்ணுக்கும் படாது. சுத்தம் செய்கிறோம் என்று கெட்டுப்போனவற்றைத்தான் சந்தைகளில் அதிகம் பார்க்கிறேன். வாடை தாங்கவில்லை என்றால் மட்டும் செய்யுங்கள்.

இன்னொன்று, முத்திரையில் 'பிசார்' என்ற சொல் 1930களின் பிற்பகுதியில் வழக்கொழிந்தது. க்ரோக்கஸ் அதற்குப் பிறகும் நெடுநாள் தொடர்ந்தது. 1942 முதல் 1952 வரை போர்க்காலக் கட்டுப்பாட்டால் உள்நாட்டில் வண்ணப் பாத்திரம் விற்கவே முடியாது. உங்கள் முத்திரையில் அந்தச் சொல் இருப்பதால் சாடி போருக்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். இதே வண்ணக் கூட்டணியில் தட்டு, பால் குவளை தேடினால் 'ஆட்டம் க்ரோக்கஸ்' (Autumn Crocus, இலையுதிர்கால க்ரோக்கஸ்) என்று கேளுங்கள். ஸ்பிரிங் க்ரோக்கஸ், ப்ளூ க்ரோக்கஸ் எல்லாம் வேறு. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் போனால் ஹான்லியில் இருக்கும் பாட்டரீஸ் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். நல்ல பாத்திரங்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள அதைவிட வசதியான இடம் இல்லை.

லெஸ்டர்வாசி:

வாடை கொஞ்சம் அதிகம்தான் அக்கா, அதனால் சாடிக்கு மட்டும் செய்து பார்க்கிறேன். ஜாம் வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே?

சூளைக்காரர்:

வைக்காதீர்கள். அந்தக் கால எனாமலில் ஈயம் இருப்பது சகஜம், மெருகிலும் இருக்கலாம். ஜாம் புளிப்புப் பொருள். விரிசல் விட்ட மெருகில் நாள்கணக்கில் இருந்தால் ஈயம் அதில் இறங்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். போதாததற்குக் கறையும் திரும்ப ஏறும். ஊறுகாய், எலுமிச்சை, தேன் எதுவும் வேண்டாம்.

காய்ந்த பிறகு மூடியை உடனே போட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். சில வாரம் திறந்தே இருக்கட்டும். பெராக்சைடு வைத்த பிறகு ஒரு படம் போடுங்கள். கறை பாதிக்கு மேல் போயிருந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம்.