அக்குவாரியாவும் அம்மாவின் மைகார்டும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் இருக்கும் மீன் காட்சியகமான கே.எல்.சி.சி. அக்குவாரியா போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகன், நாலு வயது மகள், அப்புறம் அம்மா. அம்மாவைக் கிளப்புவதே பாதி வேலை. "மீன் பார்க்கக் காசு கட்டணுமா? மீன் பசார்ல சும்மாவே பார்க்கலாமே" என்று இரண்டு வாரம் பிடிகொடுக்கவில்லை. பேரன் மடியில் போய் உட்கார்ந்த பிறகுதான் சரி என்றார்.

காரில் போகலாம் என்றார் வீட்டுக்காரர். விடுமுறை நெரிசலையும் கோலாலம்பூரில் பார்க்கிங் தேடுவதையும் நினைத்தாலே எனக்குத் தலைவலி. இ.டி.எஸ். ரயில் எங்கள் ஊரிலேயே நிற்கிறது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி கிளானா ஜெயா எல்.ஆர்.டி. நகர ரயில் பிடித்தால் ஐந்தாவது நிறுத்தம் கே.எல்.சி.சி. ஆனால் டிக்கெட்டைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். நாங்கள் தேடினோம், ஆளுக்கொரு கோச்சில் உட்கார்ந்தோம்.

நுழைவுச்சீட்டில் மலேசியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. அதனால் மைகார்டு, அதாவது நம் அடையாள அட்டை வேண்டும், பிள்ளைகளின் அட்டையான மைகிட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் வீட்டில் மூன்று தடவை சொன்னேன். ஸ்டேஷனில் அம்மாவின் பையைத் திறந்தால் கோடாலித் தைலம், வெற்றிலை, மாத்திரை, ஒரு பிளாஸ்டிக் பையில் முறுக்கு. மைகார்டு மட்டும் இல்லை. "பத்திரமா இருக்கட்டும்னு சாமி மேடையில மைலோ டின்னுக்குள்ள வச்சேன்" என்கிறார். வீட்டுக்காரர் தெரிந்தவர் மோட்டாரைக் கடன் வாங்கிப் பறந்தார். ரயில் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பு, மேலெல்லாம் குங்குமத்தோடு மைகார்டு வந்து சேர்ந்தது.

உள்ளே முதலில் எங்களை நிறுத்தியது அரபைமா. அமேசான் ஆற்று மீன், கட்டில் நீளம். திடீரென்று மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. அம்மா கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார். "இது ஹாருவான் மாதிரி மூச்சு வாங்குதே!"

முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அம்மா. மழை விட்டதும் தோட்டத்துப் பாரிட்டில், அதாவது வாய்க்காலில், ஹாருவான் என்கிற விரால் மீன் பிடிப்பார்களாம். ராத்திரி முழுக்க வாளியில் கொஞ்சூண்டு தண்ணீரில் கிடந்தாலும் காலையில் துள்ளுமாம். பிள்ளை பெற்றவளுக்கு அதில் ரசம் வைப்பார்கள், எனக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறார். அரபைமாவும் ஹாருவானும் தண்ணீரில் இருக்கும் காற்றை மட்டும் நம்பி வாழ்கிற மீன்கள் இல்லை. மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். மகன் இதைப் பலகையில் படித்துச் சொன்னபோது, "இதுக்கு எழுதிவேற வைக்கணுமா?" என்றார். அடுத்த கேள்வி, இது கிலோ எவ்வளவு இருக்கும் என்பது. நல்லவேளை, பக்கத்தில் ஊழியர் யாரும் இல்லை.

மீன் தொட்டிக்குள்ளே போகும் கண்ணாடிச் சுரங்கப் பாதை 90 மீட்டர். தரை தானாக நகரும். அம்மா காலை வைக்க மறுத்துவிட்டார். பயப்படுகிற பெரியவர்கள் இருந்தால் கவலை வேண்டாம், ஓரத்தில் நின்று பார்க்க இடம் உண்டு. நகரும் பட்டையில் போனால் தலைக்கு மேல் சுறா வருவதற்குள் நாம் தாண்டிவிடுவோம். அங்கே மணற்புலிச் சுறாவைத் தேடிப் பாருங்கள். பல்லெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் குலை நடுங்கும், ஆனால் சாது. இதுவும் மேலே வந்து காற்றை விழுங்கும், மூச்சுக்காக இல்லை, அமிழ்ந்துவிடாமல் மிதப்பதற்காக. அம்மாவிடம் சொன்னேன். "எல்லாம் ஒரே சாதிதான்" என்று முடித்துவிட்டார்.

திருக்கை, கடற்குதிரை எல்லாம் பிள்ளைகள் ஓட்டத்தில் பார்த்தது, பெரிதாக நினைவில்லை.

சாப்பாட்டுக்கு வெளியே வந்து கே.எல்.சி.சி. பூங்காவில் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தோம். ஐந்து பேர் உள்ளே சாப்பிட்டிருந்தால் இன்னொரு டிக்கெட் விலை ஆகியிருக்கும். அந்தப் பூங்காவில் பிள்ளைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத குளம் இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. மகள் செருப்போடு இறங்கிவிட்டாள். மாற்றுத்துணி எடுத்துப் போகவில்லை. அண்ணனின் டீ-சட்டை முட்டி வரை தொங்க, ஈரக் கவுனை இ.டி.எஸ். ஜன்னலோரம் விரித்துக் காயவைத்தபடி ஊர் வந்து சேர்ந்தோம்.